கண் திறக்காத குதிரை

புதுக்கோட்டையில் நடந்த சிற்பக் கண்காட்சிக்கு விளக்க அட்டைகள் எழுதும் பொறுப்பு எனக்கு. அங்கிருந்த காவலர், காக்கிச் சட்டைப் பையில் சீப்பு செருகிய ஒல்லியான மனிதர், சுற்றிவரும்போதெல்லாம் ஒவ்வோர் அட்டையையும் வாய்விட்டுப் படிப்பார். விழி தீட்டப்படாத அய்யனார் மண்குதிரையின் முன் மட்டும் படித்துவிட்டு நெடுநேரம் நிற்பார். ‘பார்க்க மறுக்கும் உலகின் துயரம்’ என்று அதற்கு எழுதியிருந்தேன்.

மூன்றாம் நாள் தயங்கியபடி என்னிடம் வந்தார்.

“சார், இதுக்கு இன்னும் கண்ணு தெறக்கலைங்க. கோயிலுக்குக் குதிரை எடுக்குற அன்னைக்குத்தான், குதிரை செஞ்ச வேளார் கண்ணு வரைவாரு. நாளைக்கு எங்க ஊர் ஸ்கூல் பிள்ளைக வருதுக. அட்டையப் படிச்சிட்டு அதுக சிரிச்சுப்புடும்.”

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க எழுதுனது நல்லா இருந்துச்சு. எத்தனையோ குதிரை பாத்திருக்கேன் சார், ஒண்ணப் பாத்தும் மனசு கனத்ததில்ல.”

பார்வையாளர்களுக்குப் பிழையானதைச் சொல்லலாகாது என்று அன்றே அட்டையை மாற்றி எழுதினேன். மறுநாள் காலை அவர் அதையும் வாய்விட்டுப் படித்தார்.

“இப்பச் சரிங்க சார்,” என்றவர், நிற்காமல் அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்தார்.

அன்று மாலைவரை, அந்தக் குதிரையின் முன் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.