சைக்கிளையும் ஏற்றிக்கொண்டவர்

"ஆளை அடிச்சவன் அந்த ஆளின்ட சைக்கிளையும் தூக்கித் தன்ட வண்டியில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் நிப்பானா? சொல்லு பாப்பம், நஜ்முன் நிஸா."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள்.

"நான் சொன்னது இல்ல, சாச்சி. ஊரெல்லாம் கதைக்குது. சரீப் நேரில பாத்துப்போட்டுத்தானே வந்து சொன்னவன்."

"சரீப் என்னத்தைப் பாத்தவன்? அவன் அந்த நேரம் சவூதியில அறையில ரொட்டி சுட்டுக்கொண்டு இருந்தவன்."

"அப்ப ஏன் உங்கட மருமகன் மூண்டு மாசமா லொறியைத் தொடுறார் இல்ல? ஓடுற மனிசன் இப்படிக் குந்திக்கொண்டு இருப்பாரா? மனசில ஒண்டும் இல்லாட்டி..."

"போ, போய் உன்ட சோத்தைப் பாரு. கரிஞ்சு மணக்குது."

சோறு ஒன்றும் கரியவில்லை. அவளுடைய கடைசிக் கேள்விக்கு அன்று என்னிடமும் பதில் இருக்கவில்லை. அதனால்தான் சோற்றைச் சொன்னேன். ஆனால் மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாப்பிள்ளை அபூதாஹிரைப் பற்றி என்னைவிட ஊருக்கு அதிகம் தெரியாது. ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள்.

அவர் மூதூர்ப் பிள்ளை. என் மகள் ஸுல்பிகாவைக் கலியாணம் முடித்துக் கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்கு வரும்போது இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியிருப்பவர். மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதும் இல்லை. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "ஸுல்பிகா, உன்ட மாப்பிள்ளைட்டக் கேளு, இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தவா எண்டு" என்பேன். அவர் முன் அறையில் இருந்து, "காணும் எண்டு சொல்லு" என்பார். நடுவில் நின்று ஸுல்பிகா சிரிப்பாள். "ரெண்டு பேருக்கும் காது இருக்குதானே, நான் எதுக்கு?" என்பாள். இப்படியே பதினொரு வருடம் போனது. அவருடைய முகத்தைவிட அவருடைய இருமலும் செருப்புச் சத்தமும்தான் எனக்குப் பழக்கம்.

ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் நெல் லொறியை அவர்தான் ஓடினார். கந்தளாய்ப் பக்கம் போய் நெல் ஏற்றி வருவார். அரிசியை மூட்டையாக்கித் துறையைக் கடந்து திருகோணமலை டவுனுக்குக் கொண்டு போவார். துறையில் பாலம் இல்லை. கயிற்றைப் பிடித்து இழுக்கிற பலகைத் தெப்பம்தான். அதை நாங்கள் பாதை என்போம். பாரம் ஏற்றிய லொறியை இரண்டு பலகையில் பின்பக்கமாக அதில் ஏற்றுவதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று பாதைக்காரர்களே சொல்வார்கள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சும்மா ஹோர்ன் அடித்தால் யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். கை எடுக்காமல் ஒரே நீளமாக ஹோர்ன் வந்தால் நோயாளி வருகிறது என்று அர்த்தம். இங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கட்டலாம். வெட்டித் தைப்பதென்றால் தண்ணீரைத் தாண்ட வேண்டும். அந்த நீள ஹோர்னைக் கேட்டால் கரையை விட்டு நகர்ந்த பாதையையும் திருப்பி இழுப்பார்கள். ஏறி நிற்கிற வண்டிகளை இறக்கி இடம் விடுவார்கள். அபூதாஹிர் எத்தனை பேரை அப்படிக் கொண்டு போயிருப்பார்! பிள்ளை வயிற்றில் திரும்பிக் கிடந்தவள், மாடு முட்டியவர், கிணற்றில் விழுந்தவர். நெல் மூட்டையில் கிடத்தி, கையை ஹோர்னில் வைத்தால் துறை வரும்வரை எடுக்கமாட்டார். அடிபட்டவரின் சைக்கிளோ சாக்கோ செருப்போ, அதையும் ஏற்றிக்கொண்டுதான் போவார். "மனிசன் கண் முழிச்சா முதல்ல தன்ட சாமானைத்தான் கேக்கும்" என்று சொல்வார். உண்மைதான்.

எழுபத்தெட்டாம் ஆண்டு சவூதிக்குப் போனார். எங்கள் ஊர்ச் சரீப் முதலே போனவன். அவன்தான் வழி காட்டினான். எனக்கும் மகளுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. கடிதம் போட்டால் வேறு வீட்டில் கொடுத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று அவர் கசெட்டில் கதைத்து அனுப்பினார். முன் அறையில் ஸுல்பிகா அதைப் போடுவாள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். கசெட்டுக்கு என்ன மறைப்பு என்று அவள் சிரித்தாள். பழக்கம் விடுமா?

"ஸுல்பிகா, இஞ்ச எல்லாம் மாறி" என்று முதல் கசெட்டில் சொன்னார். "ஸ்டீயரிங் இடப்பக்கம். ரோட்டில வலப்பக்கம் போகோணும். கியர் போடுவம் எண்டு இடக்கையை நீட்டினா கதவுதான் கையில வருது. ஒரு கிழமையா விரல் முட்டெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு. ரோட்டைக் கடக்கப் பாத்தா நான் ஒரு பக்கம் பாக்கிறன், கார் மற்றப் பக்கத்தால வருது."

ஓடியது தண்ணீர் வண்டி. கட்டிடம் கட்டுகிற இடங்களுக்குத் தண்ணீர் கொண்டு போய் ஊற்ற வேண்டும். லைசன்ஸ் எடுக்கப் புதிதாகச் சோதனை. பாஸ்போர்ட்டைக் கபீல், அதாவது வேலைக்கு எடுத்த முதலாளி, வாங்கி வைத்துக்கொண்டார். இக்காமா என்கிற தங்கும் அனுமதி அட்டை எந்நேரமும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். கக்கூசுக்குப் போனாலும் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று சொன்னார். ஓர் அறையில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். சமைப்பதற்கு முறை போட்டிருந்தார்கள். "தேங்காய்ப்பால் இல்லாமப் பருப்பு ஆக்கினவன் நான்தான், மாமிக்குச் சொல்லாத" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

மூன்றாவது கசெட்டிலோ நான்காவதிலோ ஒரு கதை சொன்னார். அது இன்னும் என் காதில் நிற்கிறது. "சரீப் பகிடி விடுறான் ஸுல்பிகா. ரோட்டில ஆரும் அடிபட்டுக் கிடந்தாக் கண்ணை நேர வைச்சுக்கொண்டு போ எண்டு சொல்றான். பொலிஸ் வரும் மட்டும் தொடப்படாதாம். வண்டியை அசைக்கப்படாதாம். தொட்டவன்தான் அடிச்சவனாம். இப்படியும் ஒரு ஊர் இருக்குமா?"

அவர் அதைப் பகிடி என்றே நினைத்தார். எங்கள் துறையில் ஓடிய மனிதர் வேறு எப்படி நினைப்பார்?

அதற்குப் பிறகு கசெட் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். மூன்றாவது மாதம் சரீப் லீவில் வந்தான். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தேநீர்க் கடையில் இருந்து, அபூதாஹிர் ஆளை அடித்து உள்ளே இருக்கிறார் என்று சொன்னான். அந்தக் கதை எங்கள் வாசல் படலைக்கு வரும்போது ஆள் செத்தும் போய்விட்டார். இரண்டு நாளில் அபூதாஹிர் குடித்திருந்தார் என்றும் ஆகிவிட்டது. ஸுல்பிகா கிணற்றடிக்குப் போவதை விட்டாள். புருஷன் செத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் அடைந்திருக்கிற இத்தாவை, இவள் புருஷன் உயிரோடு இருக்கவே இருக்கிறாள் என்று பெண்கள் கதைத்தார்கள்.

நடந்தது இதுதான், பிறகு அவர் வந்து ஸுல்பிகாவிடம் சொன்னது. உச்சி வெயில். ஆள் நடமாட்டம் இல்லாத நீள ரோடு. யெமன் நாட்டுக் கூலியாள் ஒருவர் சைக்கிளோடு விழுந்து கிடந்தார், தலையில் ரத்தம். அடித்த கார் போய்விட்டது. அபூதாஹிர் வண்டியை நிறுத்தினார். ஆளைத் தூக்கி முன் சீட்டில் கிடத்தினார். வளைந்த சைக்கிளைத் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே கட்டினார். கையை ஹோர்னில் வைத்தார். அங்கே எந்தப் பாதைக்காரன் அதைக் கேட்டு நிற்கப் போகிறான்? ஆஸ்பத்திரி வரும்வரை கையை எடுக்கவில்லை.

பொலிஸ் வந்து கேட்டது: எங்கே விழுந்து கிடந்தார், இடத்தைக் காட்டு. கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மரம் இல்லை, ஒரு மைல்கல் இல்லை. காற்று மணலை அள்ளி ரோட்டை மூடியிருந்தது. ரத்தம் அவருடைய வண்டியில். சைக்கிள் அவருடைய வண்டியில். அவருக்குத் தெரிந்த அரபு பத்துச் சொல். அவருக்காகப் பேசச் சரீபைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். தன் இக்காமாவுக்குப் பயந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டானாம். சரீபையும் நான் முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் தெரியாது என்று அங்கே சொன்னவன் இங்கே வந்தும் தெரியாது என்றே சொல்லியிருக்கலாம்.

நான்கு மாதமும் பத்து நாளும் உள்ளே இருந்தார். பிறகு அந்த யெமன்காரருக்குப் பேச்சு வந்தது. வெள்ளைக் கார் அடித்தது, இந்த மனிதர்தான் என்னைத் தூக்கினார் என்று சொன்னார். விட்டார்கள். கபீலுக்கு அதற்குள் வேறு டிரைவர் கிடைத்துவிட்டார். ஒரு பையோடு ஊருக்கு வந்தார் என் மருமகன்.

ஹாஜியார் நல்ல மனிதர். அவரே வீட்டுக்கு வந்து, "பழைய லொறி உங்கட படலைக்கு எதிரேதான் சும்மா நிக்குது. மற்றச் சாவியால கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைக்கிறன். எடுக்கிற நேரம் எடுங்க, தம்பி" என்று சாவியை முன் அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம் அது அங்கேயே தொங்கியது. அவர் அதன் கீழே கதிரையைப் போட்டு இருப்பார், நிமிர்ந்து பார்க்கமாட்டார். நான் கதவிடுக்கால் பார்ப்பேன். நஜ்முன் நிஸாவின் கேள்வி எனக்கும் குத்தியது. அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு ஏன்?

வேலியில் அந்தச் சண்டை நடந்த அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஸுல்பிகாவும் அதையே கேட்டாள். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுவதை நிறுத்தினேன்.

"ஊர் என்ன கதைச்சாலும் காரியம் இல்ல ஸுல்பிகா. நான் அடிக்கல்ல. அது அல்லாஹ்வுக்குத் தெரியும்." கொஞ்சம் இருமினார். "உள்ள இருக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் நினைச்சன், நிப்பாட்டாமப் போயிருக்கலாமே எண்டு. சைக்கிளை விட்டிருக்கலாமே, ஆளை விட்டிருக்கலாமே. நாலு மாசமும் அதுதான் என்ட நினைப்பு. இனி இந்த ரோட்டில ஒருத்தன் கிடந்தா நான் நிப்பாட்டுவனோ, எனக்குத் தெரியா. நிப்பாட்டாமப் போற டிரைவரா நான் துறைக்குப் போக ஏலாது."

நான் கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். நஜ்முன் நிஸாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வேலியில் நின்று சொல்ல முடியுமா?

நான்கு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். நஜ்முன் நிஸா வேலியால் வராமல் படலையால் ஓடி வந்தாள்.

"சாச்சி! தயிர்க்காரனை டிரக்டர் அடிச்சுப் போட்டுது! பள்ளிவாசல் ரோடு திரும்புற முடக்கில!"

தம்பலகாமத்தில் இருந்து சைக்கிளில் தயிர்ச் சட்டி கட்டிக்கொண்டு வருகிற மூத்ததம்பி. எங்கள் வீட்டுக்கும் தயிர் தருகிறவர்.

"உயிர் இருக்கா?"

"இருக்கு. முனகுறார். ரோட்டெல்லாம் தயிரும் ரத்தமும்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லயா?"

"ஆர் தொடுற? டவுண் பொலிஸ் வரட்டும் எண்டு எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. உங்கட மருமகனுக்கு நடந்தது தெரியும்தானே, சாச்சி. தொட்டவனைத்தானே புடிப்பான்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் துறையில் அப்படி ஒருநாளும் யாரும் நின்றதில்லை. முன் அறையில் இருமல் சத்தம் நின்றுவிட்டது. அவர் கேட்டுவிட்டார்.

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேரே முன் அறைக்குப் போனேன். ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். தாடியில் அவ்வளவு நரை இருப்பதை அன்றுதான் கண்டேன்.

"மகன்" என்றேன். "உங்களுக்கு நடந்ததைப் பாத்து ஊர் பழகிட்டுது. கண்ணை நேர வைச்சுக்கொண்டு நிக்கப் பழகிட்டுது. நான் உங்களப் போங்க எண்டு சொல்லல்ல. ஆனா இந்தச் சாவி இனி ஆணியில தொங்காது. ஒண்டு நீங்க எடுங்க, இல்லாட்டி நான் கொண்டு போய்க் கிணத்தில போடுறன்."

அவர் என் கையைப் பார்த்தார்.

"புடிச்சாங்க எண்டா, மாமி?" இத்தனை வருடத்தில் நேராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"புடிச்சா நான் வந்து பொலிஸ் வாசல்ல குந்துவன். எழும்பமாட்டன். சைக்கிளையும் ஏத்துங்க."

சாவியை வாங்கினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலால் இறங்கினார். செருப்பைப் போட மறந்துவிட்டார். ஹாஜியாரின் லொறி எங்கள் படலைக்கு எதிரே வாகை மரத்தின் கீழ் நின்றது. நேரே இடப்பக்கக் கதவைத் திறந்து காலைத் தூக்கி வைத்தார். உள்ளே ஸ்டீயரிங் இல்லை. ஒரு காலை மேலே வைத்தபடியே நின்றார். திரும்பி வந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். நஜ்முன் நிஸா வாயைத் திறந்தாள். ஸுல்பிகா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவர் காலை இறக்கினார். லொறியின் முன் பக்கத்தைத் தடவிக்கொண்டு சுற்றிப் போய் வலப்பக்கத்தால் ஏறினார்.

அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசல் படியில் நின்றேன். லொறிச் சத்தம் பள்ளி முடக்குவரை போய் நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துறைப் பக்கமாக ஹோர்ன் எழும்பியது, கை எடுக்காமல், ஒரே நீளமாக.