பொள்ளாச்சி லைன் இல்லாத வரைபடம்

வீட்டில் வெந்தயம் ஊறினால் எனக்குப் பூகோளப் பாடம் ஞாபகம் வரும். சொன்னால் சிரிப்பீர்கள். தலைக்குத் தேய்க்க மனைவி ஊறப் போட்டிருந்த கிண்ணத்தை நேற்றுக் காலை தெரியாத்தனமாகத் திறந்துவிட்டேன். கொழகொழவென்று, லேசான கசப்போடு அந்த வாசனை மேலே வந்தது. காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். "அதுல அப்படி என்னத்தப் பாக்கறீங்க?" என்றாள். கோயமுத்தூர் ஜில்லாவைப் பார்க்கிறேன் என்றால் நம்பவா போகிறாள்?

பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறப் போட்டு, அரைத்த வெந்தயத்தைச் சேர்த்து இடித்தால் களி மாதிரி ஒரு கூழ் வரும். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதில் கூடை செய்வார்கள். காய்ந்துவிட்டால் கல்தான். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அதில் மேற்குத் தொடர்ச்சி மலை செய்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. போத்தனூர் ஜங்ஷனுக்குப் பின்புறம் ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். ரயில் போனால் பாடம் நிற்கும். டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி கடைசிப் பெட்டி தாண்டும்வரை காத்திருப்பார். கூட்ஸ் வண்டி என்றால் எங்களுக்கு யோகம், பின் பெஞ்சில் ஒரு குட்டித் தூக்கமே போடலாம். படிப்பில் நான் எப்படி என்று கேட்காதீர்கள். என்னிடம் இருந்த ஒரே சொத்து கையெழுத்து. 'குடிநீர்', 'அமைதி காக்கவும்', 'சைக்கிள்களை இங்கே நிறுத்தவும்' என்று அந்தப் பள்ளியில் இருந்த அத்தனை அட்டையும் நான் எழுதியது. என் பேச்சை அத்தனை பேர் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு காலத்தில்தான்.

அந்த வருடம்தான் கலாமணி எங்கள் வகுப்புக்கு வந்தாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. எட்டாவது வரை பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் ஹாஸ்டலில் இருந்தவளை, அவள் அப்பா வீட்டோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அழைத்து வந்துவிட்டார். அவர் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தைச் சரிபார்க்கிற வேலை. குடியிருப்பு ரயில்வே குவார்ட்டர்ஸில்.

எங்கள் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியும். நாயைத் துரத்தவும் 'போங்க' என்போம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த மரியாதையும் இரக்கமும் மொத்தமாகக் கலாமணி தலையில் இறங்கின. பிரேயருக்கு எழுந்தால், "நீ உக்காரு கண்ணு." தண்ணீர் குடிக்க எழுந்தால், "நீ உக்காரு அம்மிணி, நான் கொண்டாந்து தாரேன்." விளையாட்டுப் பீரியடில் கேட்கவே வேண்டாம். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், நான் உட்பட. "உக்காந்து உக்காந்து பெஞ்சுதான் தேயுது" என்று அவள் ஒருநாள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சமூக அறிவியல் பரீட்சையில் மேப் கேள்விக்கு ஐந்து மார்க். கலாமணிக்கு மேப் கிடையாது, ஆனால் ஐந்து மார்க் உண்டு. ராஜேஸ்வரி டீச்சர் சும்மாவே போட்டுவிடுவார். எங்களில் பாதிப் பேருக்கு அதில் வயிற்றெரிச்சல். ஒருநாள் திருத்திய பேப்பரைக் கொடுத்து முடித்ததும் கலாமணி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்த அஞ்சு மார்க்கு எனக்கு எதுக்குங்க?"

"இருக்கட்டும் கண்ணு, உக்காரு."

"நான் ஒண்ணுமே எழுதலையேங்க. கைல தொடற மாதிரி ஒரு மேப்பக் குடுத்துக் கேளுங்க. தெரிஞ்சா போடுங்க. தெரியாட்டிப் போடாதீங்க."

டீச்சர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடினார். அடுத்த மாதம் பள்ளிக் கண்காட்சி. 'தொட்டுப் பார்க்கிற வரைபடம் ஒன்றைச் செய்யுங்கள், கண்காட்சி அன்றைக்கே கலாமணியிடம் ஐந்து கேள்வி கேட்கிறேன், தெரிந்ததற்கு மட்டும் மார்க்' என்று முடிவாகச் சொன்னார். கூட்டாளிகளாக செந்திலும் நானும். செந்திலின் அப்பாவுக்கு லேத் பட்டறை, பலகையும் பெயிண்டும் சும்மா கிடைக்கும். எனக்குக் கையெழுத்து.

வேலை தொடங்கிய பிறகுதான் யார் மேஸ்திரி என்பது தெரிந்தது. நொய்யலுக்கு நான் தேங்காய்நார்க் கயிறு வைத்தேன். கலாமணி விரலை வைத்ததும் எடுத்துவிட்டாள். "ஆறு இப்புடிச் சொரசொரன்னா இருக்கும்? மாத்துப்பா." சைக்கிளுக்குப் போடும் மெல்லிய வால்வு ட்யூப்பை வைத்துக் காட்டினோம், ஒத்துக்கொண்டாள். ரோட்டுக்கு மில் நூல், ஊருக்குத் துவரம்பருப்பு, தண்டவாளத்துக்கு மோட்டாரில் சுற்றும் செம்புக் கம்பி. கூழை அவளே பிசைந்தாள், மலையை அவளே பிடித்தாள். முழங்கை வரை வெந்தய வாசனையோடு அவள் பட்டறையில் நின்று எங்களை அதட்டிய அந்த இரண்டு வாரத்தில் ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

போத்தனூருக்கு மட்டும் ஓர் இரும்பு வாஷர் வேண்டுமென்றாள். அதிலிருந்துதான் நாலு கம்பி நாலு பக்கம் கிளம்ப வேண்டும்: கோயமுத்தூர், இருகூர், பாலக்காடு, பொள்ளாச்சி. நாலையும் அவளே சாண் போட்டு அளந்து வெட்டினாள். பொள்ளாச்சிக் கம்பியை மட்டும் கீழே வைக்காமல் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பாவுக்கு அந்த லைன்லதான்ப்பா வேல. தெனமும் வெடியால கெளம்பிப் போறாரு. ஊட்ல உக்காந்தா நாலு பக்கமும் வண்டிச் சத்தம் கேக்குது. அவரு அதுல எந்தப் பக்கம் போறாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேட்டா, அந்தப் பக்கம், அக்கட்டாலங்கறாரு. அக்கட்டாலன்னா எக்கட்டால?"

செந்தில் சிரித்தான். கூழ் காய்ந்த பிறகுதான் கம்பி ஒட்ட முடியும் என்பதால் அன்றைக்கு அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

கூழ் காய ஒரு வாரம் ஆனது. அப்புறம் பெயிண்ட் அடிக்கும் வேலை. கலாமணி வருகிறேன் என்றாள். "பெயிண்ட் அடிக்கறப்ப உனக்கு என்ன வேல? நீ ஊட்ல உக்காரு. நாங்க முடிச்சுக் கொண்டாந்தர்றோம்" என்றேன். நான்தான் சொன்னேன், செந்தில் இல்லை. பரிசு கொடுக்க ஒரு மில் முதலாளி வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. மலைக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம், மேலே இரண்டு கோட் வார்னிஷ். பளபளவென்று மின்னியது. பொள்ளாச்சிக் கம்பி மட்டும் ஒட்ட ஒட்டத் தூக்கிக்கொண்டு வந்து, சுற்றிலும் பெயிண்டைப் பெயர்த்தது. "அதப் புடுங்கிப்போட்டு வரைஞ்சுபோடு, உன்ர கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றான் செந்தில். புகழ்ச்சிக்கு மயங்காதவன் இல்லை நான். சிவப்பு இங்க்கில் இரண்டு கோடு, குறுக்கே நுணுக்கமாகக் கட்டைகள். அச்சடித்த மாதிரி இருந்தது. கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கண்காட்சி என்றால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் 'தொடாதீர்கள்' என்று அட்டை இருக்க வேண்டும். எழுதுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே மூச்சில் இருபது அட்டை எழுதி மேஜை மேஜையாக வைத்துக்கொண்டு போனேன். எங்கள் மேஜையிலும் வைத்தேன். சத்தியமாக எனக்கு உறைக்கவே இல்லை.

காலையிலிருந்து ஒரே கூட்டம். மூங்கில் குச்சியைப் பிடித்துக்கொண்டு, நீள்கிற கைகளை எல்லாம் "ஏனுங்க, தொடாதீங்க" என்று தடுப்பதே என் வேலையாகிவிட்டது. அப்படித்தான் ஒரு கை நீண்டது. முகத்தைப் பார்க்காமலே, "ஏனுங்க, தொடாதீங்க" என்றேன். கை நின்றது.

"நானுங்க" என்றாள் கலாமணி. என் குரல் அவளுக்குத் தெரியும். எப்போதும் என்னிடம் 'ப்பா' போடுகிறவள்; அந்த 'ங்க' எனக்கு வைத்த குத்துதான்.

அவள் பின்னால் காக்கிச் சட்டையோடு அவள் அப்பா. மகளுக்கு உதவுகிறேன் என்று குனிந்து அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "தொடாதீர்கள்னு போட்டிருக்குது சாமி." பிறகு என்னைப் பார்த்து, "எழுத்து அம்சமா இருக்குதுங்க தம்பி, ஆரு எழுதுனது?" என்றார். செந்தில் என்னைக் கைகாட்டினான். நான் மூங்கில் குச்சியை மேஜைக்கடியில் தள்ளினேன்.

அதற்குள் ராஜேஸ்வரி டீச்சர் வந்துவிட்டார். அட்டையைப் பார்த்தார். அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேள்வியை ஆரம்பித்தார். நொய்யல் எங்கிருந்து எங்கே போகிறது? சரியாகக் காட்டினாள். போத்தனூர்? வாஷரில் விரல் டக்கென்று போய் நின்றது. பாலக்காட்டு லைன்? அதுவும் சரி. நாலாவது, பொள்ளாச்சி லைன்.

விரல் வாஷரைச் சுற்றியது. ஒரு கம்பி, இரண்டு, மூன்று. மறுபடியும் சுற்றியது. பொள்ளாச்சி எங்கே போகிறதோ அந்த இடத்தில் வார்னிஷ் வழுக்கியது.

"மூணுதான் இருக்குதுங்க டீச்சர்."

"இருக்குது சாமி" என்றார் அப்பா. "செவப்புல போட்டிருக்காங்க, பாரு. கட்டையெல்லாம் போட்டு, நெசமாட்டவே இருக்குது."

கலாமணி கையை எடுத்துக்கொண்டாள். "அது உங்குளுக்குங்கப்பா" என்றாள்.

ஐந்தாவது கேள்வி கிணத்துக்கடவு. அந்த லைனில் வருகிற ஊர். லைனே கைக்குக் கிடைக்காதவளுக்கு அதற்குப் பக்கத்தில் இருந்த பருப்பு எப்படிக் கிடைக்கும்? டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "இது இவனுக பண்ணுன கூத்து கண்ணு. நான் அஞ்சும் போட்டர்றேன்."

"வேண்டாங்க டீச்சர். மூணுதான் தெரிஞ்சுது. மூணே போடுங்க." பிறகு நான் நிற்கும் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "அந்தக் கம்பிய ஒட்டிப்போட்டுச் சொல்லுப்பா. மீதி ரெண்ட அப்பறம் வாங்கிக்கறேன்" என்றாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திங்கட்கிழமை ஒட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்களுக்குத்தான் முதல் பரிசு. நேர்த்தியையும் கையெழுத்தையும் மில் முதலாளி பாராட்டினார். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். திங்கட்கிழமை கம்பியும் பசையுமாகப் போனேன். பரிசு வாங்கியது என்பதால் வரைபடம் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போயிருந்தது. பீரோவுக்கு மேலே, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். "கை வெச்சுக் கெடுத்துப்போடாத, போடா" என்றார் ஆபீஸ் கிளார்க். இன்னும் இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை வாசலோடு திரும்பிவிட்டேன். டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாரே என்று சொல்லவில்லை. கலாமணி இரண்டு தடவை கேட்டாள். "ஒட்டியாச்சா?" "இல்ல, வாரேன், பண்றேன்." அதற்கப்புறம் கேட்கவில்லை. பத்தாவது முடித்ததும் அவள் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று சொன்னார்கள்.

இப்போது அந்த ஓட்டுக் கட்டடம் கிடையாது. இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். வரைபடம் என்ன ஆனது என்று ஒருமுறை போய் விசாரித்தேன், அங்கே யாருக்கும் அப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை. என் கையெழுத்தும் போய்விட்டது, பேங்க்கில் கையெழுத்து மாறுகிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். பொள்ளாச்சி போன அந்த மீட்டர் கேஜ் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டாயிற்று, கலாமணியின் அப்பா சம்மட்டியோடு நடந்த தண்டவாளம் இப்போது இல்லை. அவர் தினமும் எந்தப் பக்கம் போகிறார் என்று அவளுக்குச் சொல்ல ஒரு சாண் கம்பி போதுமாக இருந்தது. அது என் சட்டைப் பையில் இருந்தது.