நாலாவது கியர் இல்லாத கார்

மலேசியாவிலிருந்து என் தாய்மாமா கொண்டுவந்த ஜப்பான் காரை ராஜபாளையத்தில் ஒருவராலும் ஒழுங்காக ஓட்ட முடியவில்லை. எண்பதுகளின் பிற்பகுதி அது. கார் ஆட்டோமேட்டிக். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். கிளச் கிடையாது. காலடியில் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மட்டும்தான். மாமா கொஞ்ச நாள் ஊருக்குள் பவனி வந்துவிட்டு, வியாபாரம் கூப்பிடுகிறது என்று காரை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பப் போய்விட்டார்.

அதன்பிறகு ஓட்டிப் பார்க்க வந்தவர்களில் லாரி ஓட்டுகிறவர்கள் உண்டு, மில் முதலாளிகளின் டிரைவர்கள் உண்டு. எல்லோரும் கைதேர்ந்தவர்கள்தான். கோளாறு அவர்களுடைய இடது காலில் இருந்தது. வேகத்தைக் குறைக்க நினைத்த உடனே அந்தக் கால் பழக்கதோஷத்தில் கிளச்சைத் தேடிப்போய்ப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். கார் அப்படியே நிற்கும், உள்ளே இருப்பவர்கள் முன்னால் போவார்கள். ஒருநாள் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நெற்றியில் புடைப்போடு வீட்டுக்கு வந்தார். "இது மனுசன் ஓட்டுத வண்டி இல்ல" என்று சொல்லிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் சூம்பிப் போய், இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ் மாட்டித்தான் நடப்பேன். அந்தக் கால் எதையும் தேடாது. இந்த விஷயம் எனக்குத் திடீரென்று உறைத்தபோது சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ச் சாவியை எடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கியில் அப்போது நான் கிளார்க். தினமும் காலை பஸ்ஸில் போக வேண்டும். படியில் ஏற அத்தா கை கொடுப்பார், கண்டக்டர் அவசரப்படுத்துவார், உள்ளே யாராவது "பாவம், எடம் குடுங்க" என்பார்கள். இடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கொட்டகை எங்களுடையது. அதன் பின்னால் இருந்த காலி இடத்தில்தான் ஓட்டப் பழகினேன். வெள்ளிக்கிழமை தறி ஓடாது, நான் வங்கியிலிருந்து திரும்பும் சாயங்காலத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. அம்மா பிஸ்மி சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள், கண்ணைத் திறக்கவே மாட்டாள். லைசென்ஸ் எடுக்கப் போனபோது, "இந்தக் காலை வச்சுக்கிட்டுக் கிளச்சை எப்படிம்மா மிதிப்பீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "கிளச்சே இல்ல சார்" என்றேன். அவர் நம்பாமல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "சரி, ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

பிறகு சில வருஷங்கள் ராணி போல வாழ்ந்தேன் என்றே சொல்லலாம். என் இஷ்டத்துக்குக் கிளம்பினேன், என் இஷ்டத்துக்குத் திரும்பினேன். மழை பெய்தால், என்னோடு வேலை செய்பவர்களை நான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். என்னைப் பார்த்து யாரும் பாவப்படவில்லை. ஒன்றிரண்டு பேர் பொறாமைப்பட்டார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொண்ணூறுகள் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் காரின் நாலாவது கியர் போயிற்று. சாயங்காலம் ரோடு காலியாக இருக்கிறதே என்று கொஞ்சம் விரட்டினேன். பெல்ட் கழன்ற மோட்டாரைப் போல என்ஜின் கத்தியது, கார் மட்டும் முன்னால் இழுக்கவில்லை. பயந்து வேகத்தைக் குறைத்தேன். மறுபடி ஒழுங்காக ஓடியது.

மதுரையில் வெளிநாட்டுக் கார்களைப் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு நானும் அத்தாவும் போனோம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஓவர்டிரைவ் போயிருச்சு பாய்" என்றார். வேகமாகப் போகும்போது என்ஜினுக்கு மூச்சுவாங்காமல் இருக்கத்தான் அந்த நாலாவது கியராம். "கியர் பொட்டிய இறக்கி முழுசாப் பிரிக்கணும். பிளேட்டு, சீலு எல்லாம் சிங்கப்பூர்ல இருந்து வரணும்" என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்னார். அந்தப் பணத்துக்கு உள்ளூரில் ஓடுகிற பழைய கார் ஒன்றை வாங்கி, ஒரு வருஷம் டிரைவருக்குச் சம்பளமும் கொடுத்துவிடலாம். அத்தா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலாவது கியரைத் தொடாமலே ஓட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

கேட்டது நான், பதில் போனது அத்தாவுக்கு. "லீவர்ல ஒரு பட்டன் இருக்கு பாய். அதை அமுக்கிட்டா மூணோட நின்னுக்கிரும். சத்தம் கூட வரும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். எம்புட்டு நாளைக்குத் தாங்கும்னு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

நான் அதில் 'ஓட்டலாம்' என்பதைக் கேட்டுக்கொண்டேன். அத்தா 'உத்தரவாதம் இல்லை' என்பதைக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு தொடங்கியது. "வித்துருவோம்மா. வேற காரும் டிரைவரும் ஏற்பாடு பண்ணுதேன். நீ பின்னாடி உக்காந்து மகாராணி கணக்கா போ" என்றார் அத்தா.

"மகாராணிக்கெல்லாம் எங்க பேங்க்ல வேலை கிடையாது அத்தா."

"நடுவழியில நின்னுபோச்சுன்னா என்ன செய்வ? எம்புட்டுத் தூரம் நடப்ப?"

அவர் என்னை மட்டம் தட்டவில்லை. நிஜமாகவே பயந்தார். அதனால்தான் என் கோபம் இரண்டு மடங்கானது; பாசத்தோடு சண்டை போடுவது எப்படி? டிரைவர் வராத நாள் நானும் வேலைக்குப் போகாத நாள் என்றாகிவிடும். அதோடு, கதவைத் திறந்து கை கொடுத்து என்னை இறக்கிவிட ஒருவர் நிற்பார். எனக்கு மறுபடி அந்தப் பஸ் படி கண்ணில் தெரிந்தது.

பட்டனை அமுக்கிவிட்டுத் தினமும் வேலைக்குப் போய்வந்தேன். பஞ்சுப் பொதி லாரி, மாட்டுவண்டி, ஆட்டு மந்தை எல்லாம் சேர்ந்து போகிற அந்த ரோட்டில் நாலாவது கியருக்கு எங்கே வேலை? 'ஓவர்டிரைவ் இல்லை' என்று முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அத்தாவுக்கு அந்த விளக்கைக் கண்டாலே ஆகாது. ஆலங்குளத்திலிருந்து ஒரு தரகர் திங்கட்கிழமை வந்து காரைப் பார்ப்பார் என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கான்சாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். "நான்தான் ஓட்டுவேன்" என்றேன். கடைசி ஆசை என்று நினைத்தாரோ என்னவோ, அத்தா சரி என்றார். அம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அவர் கண் அந்த மஞ்சள் விளக்கிலேயே இருந்தது. கிருஷ்ணன்கோவிலுக்கு முன்னால் ரோடு நேராக இருந்தது. என்ஜின் இரைந்தது. "மெதுவா, மெதுவா" என்றார். மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை முந்தியது. வத்திராயிருப்பில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், தறி மோட்டாரில் சூடு பார்ப்பது போல பானட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு வந்து ஏறிக்கொண்டு, "போ" என்றார்.

கல்யாணம் முடிந்து பிரியாணி சாப்பிட்டுத் திரும்பும்போது, சுந்தரபாண்டியத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் ஓரமாக நின்றிருந்தது. என்ஜின் மூடி திறந்திருந்தது. அதில் வந்த சனம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு நடுவே, கல்யாணத்திலிருந்து எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்ட அத்தாவின் அக்கா, என் மாமி, மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

நான் நிறுத்துவதற்குள் அத்தா கதவைத் திறந்துவிட்டார். "அக்கா, ஏறுங்க" என்றார்.

அதுவரை எங்கள் காரில் ஏறியிராத மாமி உள்ளே எட்டிப் பார்த்தார். "டிரைவர் எங்க?"

"உள்ளதான இருக்கா."

மாமியை முன் சீட்டில் உட்கார வைத்தார். மருமகளையும் பிள்ளைகளையும் பின்னால் ஏற்றிவிட்டுத் தானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பிள்ளை அவர் மடியில் ஏறிக்கொண்டது. இத்தனை பேருடைய கனத்தில், பெரிய ரோட்டைத் தொட்டதும் என்ஜின் முன்னைவிட அதிகமாக இரைந்தது. மாமி பயந்துபோய் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். "என்னடா தம்பி, இம்புட்டுச் சத்தம் போடுது? வண்டியில கோளாறா?"

அத்தா என்ன சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நாலு கியர்ல ஒண்ணு இல்ல, அம்புட்டுத்தான்" என்றது பின்னாலிருந்து குரல். "எம் மகளுக்கு அது தேவையில்ல. மூணை வச்சே நம்மள வீட்டுல சேத்துருவா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. ரோட்டைத்தான் பார்த்தேன்.

மாமியை அவர் வீட்டில் இறக்கிவிட்டோம். மருமகள் பிள்ளைகளோடு இறங்கி, மாமியும் இறங்கி, முன் சீட்டு காலியான பிறகும் அத்தா முன்னால் வந்து உட்காரவில்லை. பின்னாலேயே சாய்ந்துகொண்டு, "போம்மா" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆலங்குளத்துத் தரகர் வந்தபோது எங்கள் வீட்டில் கார் இல்லை. நான் அதை ஓட்டிக்கொண்டு வங்கிக்குப் போயிருந்தேன்.