நகம் மாட்டும் ஆழம்

வண்டியில் விழுந்த ஒரு கீறல் பாலிஷில் போகுமா என்று கண்டுபிடிக்க ஸ்தனிஸ்லாஸுக்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுப்பார். நகம் வழுக்கினால் காம்பவுண்டு பசை போட்டுத் தேய்த்தே எடுத்துவிடலாம். மாட்டினால் பட்டி வைத்துப் பெயின்ட்தான் அடிக்க வேண்டும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் வேலை. அதற்கு முன்பு பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தெளித்துக்கொண்டிருந்தார்.

சர்ச்சுக்குப் போவதை அவர் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அப்பாவைப் புதைக்க சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, சாதி பிரித்து நடுவில் எழுப்பிய சுவருக்கு இந்தப் பக்கம்தான் உங்களுக்கு இடம் என்றார்கள். மண்ணுக்குள் இருக்கிற புழு எந்தச் சுவரைப் பார்க்கிறது என்று கேட்டார். அப்பாவை இந்தப் பக்கமே புதைத்துவிட்டு வந்தார்.

மகள் நான்சியின் கணவன் வளன் போன வருடம் ஒரு பழைய சிவப்புப் பிக்கப் வாங்கினான். விற்றவர் நல்லூர்ப் பக்கத்துப் பெரிய விவசாயி. பின்கதவு முழுக்கத் தன் சாதிப் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருந்தார். வாங்குகிறவன் எந்தத் தெருவுக்காரன் என்று தெரிந்ததும், சாவியைக் கொடுப்பதற்கு முன் அதைத் தன் கையாலேயே உரித்தார். ஆனால் ஆறு வருட வெயிலில் வண்டி வெளிறிப் போயிருந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாக இருந்தது. உரித்த பிறகும் பெயரை இருபதடி தள்ளி நின்று படிக்க முடிந்தது.

வளன் பீங்கான் சாமான் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கே போனான். முதல் வாரமே ஒரு கூட்டுரோட்டில் நாலு பேர் வண்டியை நிறுத்தி, எந்த ஊர், யார் வூட்டுப் பிள்ளை என்று விசாரித்தார்கள். ஒருவன் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கண்ணைக் காட்டினான். விசாரணை முடிந்தது. அண்ணே என்றார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு திரும்பும் நடைக்கும் நெல் மூட்டை கிடைத்தது. வளன் பொய் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. சான்றுக்குக் காட்டப் போகும் முன் வண்டியை மாமனாரிடம் கொண்டுவந்து நிறுத்தினான்.

"எல்லாத்துக்கும் பாலிஷ் போட்டுடுங்க மாமா. பின்கதவ மட்டும் வுட்டுடுங்க."

ஸ்தனிஸ்லாஸ் பின்னால் போய் நகத்தை இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. "இது சுத்தமா போயிடுமேப்பா."

"போயிடும்னுதான் வேணாங்கறேன்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "உன் மேல இருக்கக் கூடாதுன்னு அவன் உரிச்சான். அதையே நீ போத்திக்கிட்டுத் திரியறியா?"

"கொட்டாயில குந்திக்கிட்டு நீங்க ரோஷம் பேசலாம் மாமா. ரோட்டுல போறவன் நானு."

நான்சியும் போனில் கணவன் பக்கமே பேசினாள். பிள்ளைகள் சாப்பிடுவது அந்த நடையில்தான் என்றாள். சரி சரி என்று கேட்டுக்கொண்ட ஸ்தனிஸ்லாஸ், மருமகனைச் சாப்பிட அனுப்பிவிட்டு முதலில் பின்கதவில்தான் கை வைத்தார். தண்ணீர் ஊற்றி, மெல்லிய உப்புத்தாளால் இழைத்து, மெஷினை ஒரே இடத்தில் நிற்கவிடாமல் ஓட்டி, கடைசியில் மெழுகு பூசித் துடைத்தார். சாயங்காலம் அந்தக் கதவில் வானம் தெரிந்தது. ஒரு எழுத்து இல்லை. வளன் பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவர் செய்தது சரி. சரியானதைச் செய்கிறவன் வீட்டுக்குத்தான் இந்த நாடு முதல் அடியை அனுப்புகிறது.

பாலிஷ் போட்ட இரண்டாம் வாரம் அதே கூட்டுரோட்டில் பெயர் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். இந்த முறை வளன் தன் தெருவைச் சொன்னான். ஒருவன் சிரித்துக்கொண்டே, "இத்தன நாளு எங்க கிளாசுலயாடா குடிச்ச?" என்றான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் வளன் நினைத்தான். கடையில் சாமான் இறக்கிவைத்துக் கதவை மூடிவிட்டு, பாக்கிக்குக் கையெழுத்து வாங்க உள்ளே போய் வந்தான். பிறகு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு எல்லாம் சுற்றி வீட்டுக்கு வந்தான். நான்சிதான் முதலில் பார்த்தாள். பின்கதவில் அவன் சாதியின் பெயரை வசவாக்கி ஆணியால் கீறியிருந்தார்கள். அத்தனை தூரமும் அதை ஊருக்குக் காட்டிக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறான்.

ஸ்தனிஸ்லாஸ் நகத்தை இழுத்தார். ஒவ்வொரு எழுத்திலும் மாட்டியது. தகரம் வரைக்கும் போயிருந்தது.

வளன் புகார் கொடுத்தான். பட்டி குழைக்கத் தயாரான மாமனாரைக் காவல் நிலையத்தில் தடுத்தார்கள். புகார் கொடுத்திருக்கிறீர்கள், அந்த எழுத்துதான் சாட்சி, பெயின்ட் அடித்தால் கேஸ் நிற்காது என்றார்கள். போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்டார். சட்டம் உனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். எட்டு மாதம் ஆகிறது. யாரையும் பிடிக்கவில்லை. எழுதியவன் அதே கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். எழுத்தைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் வளனுக்கு.

பின்கதவை மூடினால் ஊரே படிக்கும். திறந்து தொங்கவிட்டால் எழுத்து வண்டிக்கு அடியில் மறைந்துவிடும். ஆனால் கதவு திறந்த வண்டியில் யாரும் சரக்கு ஏற்றமாட்டார்கள். பிக்கப் கொட்டகையில் கதவைத் தொங்கவிட்டபடி நிற்கிறது. வளன் தொழிற்பேட்டையில் களிமண் மூட்டை தூக்குகிறான்.

போன வாரம் வேலை முடிந்து, தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு கொட்டகைக்கு வந்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"அந்தப் பேர வுட்டிருக்கலாம் மாமா."

முன்பென்றால் ஸ்தனிஸ்லாஸ் சண்டைக்குப் போயிருப்பார். துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு முன்பக்கம் துடைக்கப் போனார்.