எண்ணூர் சாலையில் கழன்ற உறை

காலை 8.10, ராயபுரம். எண்ணூருக்குப் பதினான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். மெட்ரோவில் விம்கோ நகர் வரை சுகமாகப் போயிருக்கலாம். ஆனால் என் மடியில் இரண்டடி அகலத்தில் ஒரு தெர்மகோல் பந்து. அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் படியேற எனக்குத் தைரியம் இல்லை.

பதினோரு மணிக்கு அங்கே ஒரு தனியார் கல்லூரியில் நான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியையாகவே கல்லூரி கல்லூரியாக அலைகிறேன். இது நிரந்தர வேலை. வயது நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. இதை விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

அந்தப் பந்துதான் பாடம். செல்லுக்குள் புரதங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போகும் நுண்பையின் மாதிரி அது. இரண்டு பாதியாகத் திறக்கலாம். உள்ளே சிவப்பு மணிகள், அவை சரக்கு. மேலே மஞ்சள் அட்டைத் துண்டுகள், அவை உறை. இந்தச் சாலையின் பள்ளங்களை நினைத்துப் பயந்து, உறையைக் குத்தியிருந்த குண்டூசிகளைப் பிடுங்கிவிட்டு ஒரு டப்பா பசையைக் கொட்டி ஒட்டியிருந்தேன்.

8.40, காசிமேடு. வண்டி நின்றது. முன்னால் பச்சைக் கண்டெய்னர் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு கண்டெய்னர் லாரி. 9.30, திருவொற்றியூர். நடந்து வந்திருந்தால்கூட இந்நேரம் தாண்டியிருப்பேன். புழுதி, டீசல் புகை, வெயில். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆட்டோ ஓட்டிய டேவிட் என் வயதுக்காரர். முன்பு ட்ரெய்லர் ஓட்டியவராம். திரும்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம் இது, பந்தா?”

பொழுது போக வேண்டுமே. அவரிடமே வகுப்பை ஒத்திகை பார்த்தேன். “செல்லுக்குள்ள சரக்கு வண்டி. எது போகணுமோ அந்தப் புரதத்துல ஒரு அடையாளம் இருக்கும். சவ்வுல இருக்கிற ஏற்பி அந்த அடையாளத்தப் பார்த்துப் பிடிச்சுக்கும். அடையாளம் இல்லாதது பெரும்பாலும் அங்கேயே தங்கிடும்.”

“அக்காங், நம்பர் இல்லாத பொட்டிய ஹார்பர் கேட்டுலயே ஓரங்கட்டுவான்.”

“கிட்டத்தட்ட. ஆனா இங்க வண்டி முன்னாடியே வந்து நிக்காது. உள்ளே ஏற்பி சரக்கப் பிடிக்கும், வெளியே உறை வந்து அந்த ஏற்பியப் பிடிக்கும். அப்படிச் சேரச் சேரத்தான் சவ்வு வளைஞ்சு, உருண்டு, பையா அறுந்து வரும்.”

“அப்போ சரக்கு இல்லன்னா வண்டியே கெடியாதா?”

“ரொம்பக் குறைவு.”

அவர் முன்னால் நின்ற வரிசையைக் காட்டினார். “இதுல பாதி காலிப் பொட்டி மேடம். அந்த ஏற்பாட்ட இந்த ரோட்டுக்குக் கொண்டாந்தா புண்ணியமாப் போவும்.”

10.10, எர்ணாவூர். டேவிட் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேல மூடிக்கினு கீதே, அத எப்போ அவுப்பீங்க? தார்ப்பாய அவுக்காம எந்த யார்டுலயும் சரக்கு எறங்காதே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பை அறுந்து வந்ததும் உறை கழன்றுவிடும். அப்போதுதான் அது போய்ச் சேருமிடத்துச் சவ்வோடு கலந்து சரக்கை இறக்க முடியும். இதைத்தான் நான் வகுப்பில் செய்து காட்ட வேண்டும். பதினோரு வருடம் இதைப் பாடம் நடத்திய புத்திசாலி, பந்து திறக்கும் விளிம்பையும் சேர்த்துப் பசையில் குளிப்பாட்டியிருக்கிறாள்! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

டேவிட் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். அடுத்த ஒரு மணி நேரம் நான் சுரண்டினேன். லாரி நகர்ந்தால் ஆட்டோ குலுங்கும். குலுங்கினால் ஒரு துண்டு தெர்மகோலோடு பிய்ந்து வரும். சேலை முழுக்க வெள்ளைத் துகள்.

11.20, எண்ணூர். துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிஷம்தான் இருக்கு. ஆரம்பிங்க.” அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்த பந்தை மேசையில் வைத்தேன். அடையாளம், ஏற்பி, உறை என்று பாதிவரை சொல்லியிருப்பேன், முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

“மேடம், உறை உறைன்றீங்களே, அது எங்க?”

“வழியிலேயே கழன்றுடுச்சு” என்றேன். வகுப்பே சிரித்தது. “சிரிக்காதீங்க. கழன்றாத்தான் சரக்கு இறங்கும்” என்று சொல்லிப் பந்தைத் திறந்தேன். சிவப்பு மணிகள் தட்டில் கொட்டின. துறைத்தலைவரும் சிரித்துவிட்டார்.

மதியம் 12.40. வாசலில் எனக்காகக் காத்திருந்த டேவிட் ஆட்டோவிலிருந்து மஞ்சள் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னா ஆச்சு மேடம்?”

“திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க.”

வாய்விட்டு அழ வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது. அப்படியே சாலையைப் பார்த்தேன். காலையில் எங்கள் முன்னால் நின்ற அதே பச்சைக் கண்டெய்னர் இப்போதுதான் கல்லூரியைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஓய்வு பெறும்வரை தினமும் இதே பதினான்கு கிலோமீட்டர்.

டேவிட்டும் அதைத்தான் பார்த்தார். “பத்து மணி காலேஜுக்கு ஆறு மணிக்கே வந்துடறேன் மேடம்” என்றார்.