வெறும் மணல்

ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்து, குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல் கண்ணை மூடி நிற்பார் பொன்னுச்சாமிக் கொத்தனார். கரிக்கவில்லை என்றால்தான் கொத்துக் கரண்டியைத் தொடுவார். தொண்டியில் கால் வைத்த இடமெல்லாம் மணல். ஆனால் கடற்கரையில் கிடப்பது அவர் வாயில் "உப்பு மண்ணு". ஆற்றிலிருந்து வண்டியில் வந்தால்தான் "மணலு".

கோபக்காரர். சுவருக்கு நூல் பிடிக்கும்போது குறுக்கே பேசினால் வீட்டுக்காரர் என்றும் பாராமல் எரிந்து விழுவார். வாவு முகம்மது மரைக்காயர் அவரிடம் திட்டு வாங்கியேதான் மாடி வீடு கட்டி முடித்தார். அப்போதெல்லாம் முறை ஒன்றுதான்: "சாமான் ஒங்களுது, கை எங்களுது." தன் வீட்டுக்குத் தானே உப்பு மண்ணை அள்ளிப் போடுகிற மடையன் எந்த ஊரிலும் கிடையாது.

நயா பைசா வந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வந்தது. கூடவே டெண்டரும் வந்தது. குறைத்துக் கேட்டவருக்கு வேலை. சாமான், ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. என்னென்ன வேண்டும் என்று பஞ்சாயத்துக் குமாஸ்தா கேட்டபோது, பொன்னுச்சாமிதான் மடமடவென்று சொன்னார். மணல் இத்தனை வண்டி என்றார். குமாஸ்தா அப்படியே எழுதிக்கொண்டார்.

டெண்டர் எடுத்த காண்டிராக்டர் அவரையே தலைமைக் கொத்தனாராக வைத்துக்கொண்டார். பொன்னுச்சாமி அபிராமத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பினால், சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. பக்கத்தில் குவித்திருந்த மணலை வாயில் போட்டார். கரித்தது.

"எந்தப் பய இதக் கொண்டாந்தது?"

காண்டிராக்டர் குடைக்கு அடியில் நின்று டெண்டர் காகிதத்தை விரித்தார். "மணல்னுதான எழுதியிருக்கு. ஆத்து மணல்னு எங்க இருக்கு, காட்டுங்க."

பஞ்சாயத்துத் தலைவர் ஹாஜா முகைதீன் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "கையெழுத்துப் போட்டாச்சே கொத்தனாரே. இனி என்ன செய்ய?"

பொன்னுச்சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அயோக்கியன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்த முட்டாள் தான்தான் என்பது இன்னும் எரிந்தது.

"உப்பு அரிச்ச செவுரு எத்தன நாளைக்கு நிக்கும்? எம் மக பூமயிலு புள்ள இங்கனதான் ஒக்காரப் போகுது. ஊருப் புள்ளைக எல்லாம் இங்கனதான்."

"அதுக்கு நான் பொறுப்பு" என்றார் காண்டிராக்டர்.

"செவுரு விழுகயில நீ எங்கன இருப்ப?"

காண்டிராக்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தலைவர் கடல் பக்கம் பார்த்தார்.

பொன்னுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். சுவரின் மேல் வரிசையில் ஒரு செங்கல்லை அசைத்து அசைத்துப் பெயர்த்தார். ஒட்டியிருந்த கலவையைக் கரண்டியால் சுரண்டிவிட்டுக் கல்லைத் தரையில் வைத்தார். "யாரக் கேட்டுய்யா இடிக்கிற?" என்று காண்டிராக்டர் ஓடி வருவதற்குள் இரண்டாவது கல்லும் வந்துவிட்டது. அதைத் தரையில் வைக்காமல், "இந்தக் கலவைய நாக்குல வச்சுப் பாருங்க" என்று ஹாஜா முகைதீனின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.