ஒற்றை மணி

கபிரியேல் அதிகம் பேசமாட்டான். பல்லேபொலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மாத்தளைக்கு வந்து ரேடியோ திருத்தப் பழகி, பிறகு தொலைபேசிக்கு மாறியவன். பாறூக்கின் கொமினிகேஷன் கடையில் நாலு கண்ணாடித் தொலைபேசிக் கூண்டுகளையும் ஒரே வெளி லைனோடு இணைக்கும் சர்க்கியூட் பலகையை அவன்தான் செய்து பொருத்தினான்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அங்கே வந்து உட்காருவான். பெய்ரூட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அவன் மனைவி திரேசம்மா, மேடம் வெளியே போன நேரம் பார்த்து கடையின் எண்ணை அழுத்துவாள். ஒரு மணி அடிக்கும். வைத்துவிடுவாள். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் மேடத்தின் பில்லில் ஏறிவிடும். ஒருமுறை அப்படி ஏறியதற்காக அவளைக் குளியலறையில் பூட்டி வைத்தார்கள்.

"ஒங்கட பொஞ்சாதி ஏன்ட ஃபோன ஓசியில பாவிக்கிறா," என்பான் பாறூக். "ஒரு நாளைக்கி எடுத்து ஹலோ சொல்லத்தான் போறேன்."

"சொல்லிப்பாருங்க முதலாளி. அடுத்த நாளு ஒரு கூண்டும் வேல செய்யாது."

2006ஆம் ஆண்டு ஜூன் காற்றில் பொய் மணி தொடங்கியது. லைன் வரும் வழியெல்லாம் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். மழைத் தூறலில் கிளைகள் கம்பியில் உரசினால் கடையில் மணி அடிக்கும். எடுத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். காய்க்கிற கொடியோடு கிளையை வெட்ட மரத்துக்காரர்கள் விடவில்லை.

"இது கடையா, கோயிலா?" என்று பாறூக் கத்தினான்.

கபிரியேல் பலகையைத் திறந்தான். வெளி லைனைப் பிடிக்கும் சிப்பின் கால்களில் இரண்டு, அது தூங்குவதா பேசுவதா என்று சொல்பவை. அவற்றை அவன் தொடவில்லை. இன்னொரு கால், மணியை அளக்கும் பகுதிக்குப் போகும் கிளாக் துடிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது. அந்தத் துடிப்புகளை எண்ணித்தான், வந்தது மணியா இரைச்சலா என்று சிப் முடிவு செய்யும். எர்த்தோடு இணைந்திருந்த அந்தக் காலைப் பிரித்து ஐந்து வோல்ட்டில் பற்றவைத்தான். துடிப்பு மெதுவானது. எண்ணி முடிப்பதற்குள் அடங்கிவிடுகிற எதையும் சிப் இனி நம்பாது.

பொய் மணி நின்றது. பாறூக் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு திரேசம்மாவின் மணி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மேடம் வீட்டோடு இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஜூலையில் பெய்ரூட்டில் குண்டு விழத் தொடங்கியது. அவனே கூண்டிலிருந்து அந்த வீட்டுக்கு எடுத்துப் பார்த்தான். இணைப்புக் கிடைக்கவில்லை. ரேடியோ முதலில் நம் நாட்டுச் சண்டையைச் சொல்லும். அது முடிந்துதான் லெபனான். அதுவரை நின்றுகொண்டே இருப்பான். இப்போது தினமும் கடைக்கு வந்தான்.

ஒரு மாலை பாறூக்கின் மனைவி ஸரீனா தெப்பமாக நனைந்து உள்ளே வந்தாள்.

"பஸ் ஸ்டாண்ட்ல நின்டு எத்தன ரிங் கட் அடிச்சேன்! வந்து கூட்டிட்டுப் போக ஏலாதா?"

"எங்க அடிச்சீங்க? கபிரியேலும் இங்கதானே இருந்தாரு."

"அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி விட்டு வெச்சேன்."

கபிரியேல் பலகையைப் பார்த்தான். ஒற்றை மணிக்குள் சிப் எண்ணி முடிக்காது. மற்றவர்கள் எல்லாம் விடாமல் அடிப்பவர்கள். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"அவளும் அடிச்சிருப்பா," என்றான்.

"திரேசம்மாவா? எப்ப?"

"தெரியலீங்க முதலாளி."

அன்றே சிப்பின் அந்தக் காலைப் பழையபடி எர்த்தோடு பற்றவைத்தான். பொய் மணிகள் திரும்பின. பாறூக் கத்தவில்லை. ஒவ்வொரு மணிக்கும் கடையில் பேச்சு நின்றது.

ஞாயிறு வந்தது. காற்று விடவில்லை. கபிரியேல் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அடிக்கக்குள்ளயே எடுத்தா தெரியும்தானே, ஆளா மரமான்னு," என்றான் பாறூக்.

"அவளா இருந்தா?"

"குண்டு விழுற ஊர்ல பில்ல யாரு பாக்கப்போறாங்க?"

"மேடம் பாப்பாங்க."

மணி அடித்தது.

"எடுங்க மனிசன்!"

கபிரியேலின் கை ரிசீவரின் மேல் நின்றது. மணி நின்ற பிறகுதான் எடுத்தான். காதில் டயல் டோன் மட்டும் கேட்டது. வெளியே மரங்கள் அசைந்துகொண்டிருந்தன. லைன் பிஸியாக இருக்கக் கூடாதென்று உடனே வைத்துவிட்டான்.